ஒரு கருவி, இரு நோயாளிகள்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

பெருந்தொற்றுக் காலத்தில் செயற்கைச் சுவாசக் கருவிக்கும் ஆக்சிஜனுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வரும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்பது பற்றி வாசகர்களிடமிருந்து கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி: 2021 மே மாதம் என் அண்ணனை மூச்சுத்திணறலோடு ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அவருக்கு வயது 71. வென்டிலேட்டர் காலியானால் அவருக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். நள்ளிரவில் ஒன்று காலியானது. ஆனால், எங்களுக்கு இரண்டு மணி நேரம் பின்னால் வந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவருக்கு அதைப் பொருத்திவிட்டார்கள். விடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். முதலில் வந்தவருக்கு முதலில் கொடுப்பதுதானே நியாயம்? ரேஷன் கடையில்கூட அப்படித்தானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் இழப்புக்கு எந்தப் பதிலும் ஈடாகாது என்பதை அறிந்தே எழுதுகிறேன். நீங்கள் காட்டிய ரேஷன் கடையிலிருந்தே தொடங்குவோம். அங்கே யாருக்கு எத்தனை கிலோ அரிசி உண்டு என்பதைக் குடும்ப அட்டை முன்பே முடிவுசெய்துவிடுகிறது. காலையில் வாங்குகிறோமா மாலையில் வாங்குகிறோமா என்பதை மட்டுமே வரிசை தீர்மானிக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பின்னால் நிற்பவருக்கோ மாலை என்ற ஒன்றே இல்லாமல் போகலாம். அதனால்தான் வந்த நேரத்தை மட்டும் வைத்துக் கருவியை ஒதுக்குவதை மருத்துவ நெறிமுறைகள் பலவும் ஏற்பதில்லை.

முதலில் வந்து சேர்பவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், சொந்தக் கார் வைத்திருப்பவர், எங்கே படுக்கை காலி என்று விசாரித்துச் சொல்ல ஆள் உள்ளவர் ஆகியோர் முதலில் வந்துவிடுவார்கள். கொள்ளிடக் கரையில் 108 வண்டிக்குக் காத்திருந்தவர் பின்னால்தான் வருவார். 2021 ஏப்ரல் இறுதியில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் மருந்து விற்கத் தொடங்கியபோது வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து மக்கள் இரவு பகலாக நின்றார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் நோயாளிகள் அல்லர், நோயாளிக்காக நிற்க முடிந்த உறவினர்கள். யாருமற்ற நோயாளிக்கு அங்கே இடமே இல்லை. விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாறியும் கூட்டம் குறையாமல், கடைசியில் மே 18 முதல் தனியார் மருத்துவமனைகளுக்கே மருந்தை நேரடியாக அனுப்பும் முறையை அரசு கொண்டுவந்தது. இதைவிட மனத்தை அறுப்பது இன்னொன்று. அந்த மருந்து உயிரிழப்பைக் குறைப்பதற்குச் சான்று இல்லையென்று, மருத்துவமனை நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாமென உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது.

வரிசைக்குப் பதிலாக மருத்துவம் கேட்கும் கேள்வி இது: இந்தக் கருவியைப் பொருத்தினால் பிழைக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம்? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், கொரோனாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2015இல், வென்டிலேட்டர் பங்கீட்டுக்கென ஒரு விரிவான வழிகாட்டு நெறியை வெளியிட்டிருந்தது. நுரையீரல், இதயம், கல்லீரல், சிறுநீரகம், மூளை, இரத்தம் உறையும் தன்மை ஆகிய ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகையைக் கொண்டு நோயாளிகளை வகைப்படுத்துவது அதன் முறை. வந்த நேரமோ வசதியோ அதில் கணக்கில் வராது. உறுப்புகள் பலவும் கைவிட்ட நிலையில் உள்ளவருக்குக் கருவியைப் பொருத்தி, அவரும் இறந்து, பிழைத்திருக்கக்கூடிய மற்றொருவரும் இறப்பதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் எடுத்த முடிவு சரியா தவறா என்று, இருவரின் மருத்துவக் குறிப்புகளையும் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால், இரண்டு செயல்கள் தவறு என்று தயங்காமல் சொல்வேன். காலியானால் உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தது ஒன்று. முடிவு மாறியபோது எந்த மருத்துவரும் வெளியே வந்து, உங்களை உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லாதது மற்றொன்று. எந்த விதியின்படி தன் அண்ணனுக்குக் கருவி மறுக்கப்பட்டது என்பதைத் தங்கைக்குச் சொல்ல முடியாத மருத்துவமனையில் விதி என்று ஒன்று இருந்ததா என்ற சந்தேகம் நியாயமானதே.

கேள்வி: இத்தாலியில் முதியவர்களைக் கைவிட்டார்கள் என்று படித்தோம். இளையவருக்கு முன்னுரிமை கொடுப்பது பாகுபாடா, நியாயமா? இருவரும் எல்லா வகையிலும் சமமானால் என்ன செய்வது?
— சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: 2020 மார்ச் 6 அன்று இத்தாலியின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட பரிந்துரைகளில், நிலைமை முற்றினால் தீவிர சிகிச்சைக்கு வயது வரம்பு வைக்க நேரலாம் என்ற வரி இருந்தது. வட இத்தாலியின் லொம்பார்டி மாநில மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நாட்கள் அவை. அந்த வரி உலகெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. இருந்தாலும், தாங்கள் செய்ய நேர்வதை ஒளிக்காமல் எழுதிவைத்த அந்த மருத்துவர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

இருபது வயதுக்காரர் வாழ்க்கையை இன்னும் பார்க்கவில்லை என்ற வாதத்துக்குக் கனம் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களே அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால், வயது என்ற எண்ணை மருத்துவர் கையில் கொடுத்தால், அது சிந்திக்காமல் முடிவெடுக்கும் குறுக்குவழியாகிவிடுகிறது. தினமும் வயலுக்கு நடந்து போய்வரும் எழுபது வயதுக்காரரின் நுரையீரல், கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் பழுதான சிறுநீரகமும் உள்ள நாற்பத்தைந்து வயதுக்காரரின் நுரையீரலைவிடத் தாக்குப்பிடிக்கக்கூடும்.

வயதுக்குப் பதிலாக உடல் நலிவை அளக்கலாம் என்றால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020 மார்ச் 20 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், அன்றாட வேலைகளுக்கு ஒருவர் எவ்வளவு பிறரைச் சார்ந்திருக்கிறார் என்று பார்க்கும் அளவுகோலைப் பயன்படுத்தச் சொன்னது. பெருமூளை வாதத்தோடு பிறந்த இளைஞர் ஒருவருக்குக் குளிக்கவும் உடுக்கவும் துணை வேண்டும். அந்த அளவுகோலில் அவர் மிக நலிந்தவராகத் தெரிவார். ஆனால், நிமோனியாவிலிருந்து மீள்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஐந்தே நாளில் அது திருத்தப்பட்டு, 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் நிலையான இயலாமை உள்ளவர்களுக்கும் அந்த அளவுகோல் பொருந்தாது என்று தெளிவாக்கப்பட்டது. சட்டம் படிக்கும் நீங்கள் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 டிசம்பரில் அளித்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். தட்டுப்பாட்டுக் காலப் பங்கீட்டில் மாற்றுத்திறனாளிகள் பின்தள்ளப்படாமல் காக்கச் சட்டமன்றம் தாமதமின்றி வழிசெய்ய வேண்டும் என்று அது கட்டளையிட்டது.

இருவரும் சமம் என்றால் குலுக்கல்தான். உயிரைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் தகுதி, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, பிறகு குலுக்கல். நியூயார்க் நெறிமுறையும் ஏறத்தாழ அதே அமைப்புடையதுதான்: முதலில் மருத்துவத் தகுதி, ஒரே வகைக்குள் பலர் இருந்தால் குலுக்கல். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் பிரிட்டனில் கிடைப்பதற்கு அரிதாயிருந்த 1947இல் நடந்த ஆய்விலும், 107 நோயாளிகளில் யாருக்கு மருந்து என்பது குலுக்கல் போன்ற தற்செயல் தேர்வின் மூலமே முடிவாயிற்று. மருந்து எல்லோருக்கும் போதாது என்பதே அப்படிப் பிரிப்பதை நெறிக்கு உட்பட்டதாக்கியது. குலுக்கலில் யாருடைய பரிந்துரைக் கடிதமும் செல்லுபடியாகாது. அதுதான் அதன் மேன்மை.

கேள்வி: நூறு பேருக்கு வேலை கொடுக்கும் ஒருவர், ஒரு விஞ்ஞானி, ஒரு டாக்டர் ஆகியோரைக் காப்பாற்றினால் சமூகத்துக்கு நன்மை அதிகம் அல்லவா? பயனைப் பார்க்கிறோம் என்றால் அதையும் பார்க்க வேண்டியதுதானே?
— சிறுதொழில் உரிமையாளர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு முறை நேரடியாகப் பதில் தேடிப் பார்த்திருக்கிறது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையில் நிரந்தரமாகப் பொருத்தக்கூடிய ஒரு குழாயை உருவாக்கினார். அதுவரை சில முறைகளுக்கு மேல் செய்ய முடியாதிருந்த டயாலிசிஸை ஆண்டுக்கணக்கில் தொடர அது வழிவகுத்தது. 1962இல் அங்கே டயாலிசிஸ் மையம் தொடங்கியபோது இருந்த இடங்களோ மிகச் சில. மருத்துவர்கள் தகுதியானவர்களைப் பிரித்துக் கொடுக்க, அவர்களில் யாருக்கு இடம் என்பதை ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி, ஓர் அரசு அலுவலர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர் என எழுவர் கொண்ட குழு, தங்கள் பெயரை வெளியிடாமல் முடிவுசெய்தது.

அவர்கள் கொடியவர்கள் அல்லர். நல்ல மனத்தோடு, ஊதியமின்றி உட்கார்ந்தவர்கள். ஆனால், நோயாளி திருமணமானவரா, எத்தனை குழந்தைகள், என்ன வேலை, சொத்து எவ்வளவு, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். லைஃப் பத்திரிகை அதே ஆண்டு நவம்பரில் இதை வெளிக்கொண்டுவந்தபோது நாடே விவாதித்தது. ஏழு நடுத்தரக் குடிமக்கள் தங்களைப் போன்ற நடுத்தரக் குடிமக்களையே மதிப்புமிக்கவர்களாகக் கண்டார்கள் என்பதுதான் எழுந்த குற்றச்சாட்டு. வேறு எவர் உட்கார்ந்தாலும் இதே தவறு நேரும். உங்கள் ஊரில் தொழிலதிபர் சங்கத்தினர் உட்கார்ந்தால் ஒரு பட்டியல் வரும், எங்கள் மருத்துவர் சங்கம் உட்கார்ந்தால் வேறொன்று வரும், இரண்டிலும் குப்பை அள்ளும் தொழிலாளி கடைசியில் இருப்பார். பெருந்தொற்றில் நகரம் பிழைத்ததில் அவருடைய பங்கு என்ன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 1972இல் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பெரும்பாலோருக்கும் சிகிச்சைச் செலவை அமெரிக்க அரசே ஏற்கும் சட்டம் வந்த பிறகுதான் இப்படித் தேர்ந்தெடுக்கும் தேவை அங்கே நீங்கியது.

மருத்துவப் பணியாளர் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் தடுப்பூசி தொடங்கியபோது அவர்களுக்கே முதலில் போட்டோம். அது சரி, ஏனெனில் மறுநாள் அவர்கள் வார்டில் நிற்க வேண்டியிருந்தது. வென்டிலேட்டர் அப்படிப்பட்டதன்று. அதில் இருந்த செவிலியர் பிழைத்து, எழுந்து, பணிக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம். அந்த அலையில் அவரால் பிறருக்கு உதவ முடியாது. நியூயார்க் நெறிமுறையும் இந்தக் காரணம் உட்படச் சிலவற்றைச் சொல்லி அவர்களுக்கு முன்னுரிமை தரவில்லை. என் சகப் பணியாளர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்தும் நான் அதையே சரி என்கிறேன்.

கேள்வி: ஒருவருக்கு ஏற்கெனவே பொருத்திய வென்டிலேட்டரை எடுத்து இன்னொருவருக்கு வைப்பது கொலைக்குச் சமம் இல்லையா? என் கையால் கழற்றச் சொன்னால் நான் என்ன செய்வேன்?
— செவிலியர், தூத்துக்குடி

பதில்: தங்கையே, இந்தப் பகுதியில் மருத்துவ நெறியாளர்களே இருபுறமாகப் பிரிந்து நிற்கிறார்கள். நியூயார்க் நெறிமுறை 48 மணி நேரத்திலும் 120 மணி நேரத்திலும் மறுமதிப்பீடு செய்து, முன்னேற்றமே இல்லையென்றால் கருவியை வேறொருவருக்கு மாற்ற இடம் கொடுக்கிறது. ஜெர்மனி நாடாளுமன்றமோ 2022இல் இயற்றிய சட்டத்தில் அதை அறவே தடைசெய்தது. அந்தச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லையென்று 2025இல் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. தெளிவான சட்டப் பாதுகாப்பும், கருவியைப் பொருத்தும்போதே அது சோதனைக் காலத்துக்குத்தான் என்று குடும்பத்திடம் சொல்லும் வழக்கமும் இல்லாத இடத்தில், மீளும் வாய்ப்புள்ள ஒருவரிடமிருந்து கருவியை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

எது எப்படியானாலும், படுக்கை அருகே நிற்கும் மருத்துவரும் செவிலியரும் இந்த முடிவை எடுக்கக் கூடாது. அவர்கள் அந்த நோயாளிக்காக மட்டுமே வாதாட வேண்டியவர்கள். முடிவு, நோயாளியின் பெயரோ முகமோ அறியாத மூவர் குழுவிடம் போக வேண்டும். அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று உங்கள் மருத்துவமனையில் இன்றே, அமைதியான இந்தக் காலத்திலேயே, எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி: யாருக்குக் கொடுப்பது என்று தத்துவம் பேசுவதைவிடத் தட்டுப்பாடே வராமல் பார்த்துக்கொள்வதுதானே முதல் அறம்?
— வாசகர், சேலம்

பதில்: முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில், கழுத்துவரை உடலை உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் பெட்டியான இரும்பு நுரையீரல் ஒன்றும் மார்பின்மேல் பொருத்தும் சிறு கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், ஒரு சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். கருவி இல்லையென்றால் கை இருக்கிறது. ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் அமர்ந்து பையை அழுத்தினார்கள். யாருக்குக் கருவி என்ற கேள்வியை அந்த நகரம் மாணவர்களின் விரல்களால் கடந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்ததே அங்கேதான்.

2021இல் நாங்கள் கற்றது இன்னும் சிறிய கணக்கு. பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் முகமூடியில் விட்டால் எட்டு மணி நேரம்கூட வராது; 8 லிட்டராகக் குறைத்தால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வரும். மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜனைச் செலுத்தும் உயர் ஓட்டக் கருவி முழு வேகத்தில் 60 லிட்டர் வரை இழுக்கும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஓர் இரவு நானும் பணிச் செவிலியரும் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, 99 சதவீதம் காட்டிய நோயாளி ஒருவரின் பக்கத்தில் நின்றோம். சுவரிலிருந்த கண்ணாடிக் குழாய்க்குள் சிறு குண்டு 15இல் நின்றது. குமிழை மெல்லத் திருகி 8க்கு இறக்கினோம். அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, மார்புக்கடியில் தலையணை வைத்தோம். பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தோம். எண் 95இல் நின்றது. 92க்கும் 96க்கும் இடையில் இருந்தாலே போதும். அந்த வார்டில் இருபத்திரண்டு படுக்கைகள். விடியும்வரை ஒவ்வொன்றாக இதையே செய்தோம். மறுநாள் காலையில் அடுத்த லாரி வருவதற்குள் சிலிண்டர் தீரவில்லை.

கருவியை அதிகமாக நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடிக்கத் தவறுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. யாருக்குப் படுக்கை என்று முடிவுசெய்யும் எண்ணே தோல் நிறத்துக்கேற்பப் பிசகினால், நெறிமுறை எவ்வளவு சீராக இருந்தும் பயனில்லை. அடர்ந்த நிறத்தோர் மிகுந்த நம் மாநிலத்தில் இது ஒவ்வொரு வார்டிலும் நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

மாநிலங்களுக்கு இடையேயும் இதே பங்கீட்டுச் சிக்கல் எழுந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 80 டன் ஆக்சிஜன் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் ஒதுக்கப்பட்டபோது, இங்கே தேவை நாளுக்கு நாள் ஏறுகிறது என்று அன்றைய முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பங்கீட்டுக்கு அறிவியல் அடிப்படை வகுக்க உச்ச நீதிமன்றம் 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைத்தது மே 6 அன்றுதான். அலை உச்சத்தில் இருந்தபோது செய்த அந்த வேலையை அதற்கு முந்தைய ஆண்டே செய்திருக்க வேண்டும்.

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. மறுபடி ஒரு தொற்று வந்தால் எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம், சின்ன வயசுக்காரங்களுக்குக் கொடுத்துடுங்க என்கிறார். மருமகளாகிய நான் இதற்குச் சரி என்று சொல்வதா?
— இல்லத்தரசி, சென்னை

பதில்: முடிவு அவருடையது. தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் ஒரு சிகிச்சையை மறுக்கலாம். மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் எளிதாக்கியிருக்கிறது. இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

கையெழுத்துக்கு முன்னால், வீட்டில் யாரும் அவசரப்படுத்தாத ஒரு மாலையில், உங்கள் கணவரையும் வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள். வீட்டுக்குப் பாரமாகிவிடுவோம் என்ற அச்சத்தில் சொல்கிறாரா, உண்மையிலேயே விரும்பிச் சொல்கிறாரா என்பது உங்களுக்குத்தான் தெரியவரும். வென்டிலேட்டர் வேண்டாம் என்றவருக்கு ஆக்சிஜன் வேண்டுமா, மருந்து வேண்டுமா, மூச்சுத்திணறலின் வேதனையைக் குறைக்கும் ஊசி வேண்டுமா, கடைசியில் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். கருவி வேண்டாம் என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, கவனிப்பே வேண்டாதவர் என்று ஒருவரை வார்டின் மூலைக்கு ஒதுக்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எனவே, வேண்டாதவற்றை எழுதும் அதே தாளில் வேண்டியவற்றையும் வரிசையாக எழுதி, ஒரு படியை அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.